ஒயரில் எத்தனை டெசிபல், அறையில் எத்தனை டெசிபல்?

1970-களின் பிற்பகுதி வரைக்கும் ஸ்பீக்கர் ஒயர் என்று தனியாக ஒரு சரக்கு அநேகமாகக் கிடையாது. மேசை விளக்குக்குப் போடும் சாதாரண இரட்டை ஒயரில் சில மீட்டர் வெட்டிப் பொருத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். 1979-ல் நோயல் லீ அமெரிக்காவில் மான்ஸ்டர் கேபிள் நிறுவனத்தைத் தொடங்கி, தடித்த ஒயரைத் தனிப் பெயரிலும் தனி விலையிலும் விற்க முடியும் என்று காட்டினார். அதன் பின்னால் ஒரு தொழிலே வளர்ந்துவிட்டது. ஒயரைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தும் பீங்கான் தாங்கிகள் வந்தன. சுவர் பிளக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வரை போகும் கடைசி ஒரு மீட்டருக்கென்று பவர் கார்டு, ஆம்புக்குள் போட உயர்விலை ஃபியூஸ், மேலே வைக்கக் கருங்காலி வில்லை என்று பட்டியல் நீண்டது. 1990 வாக்கில், சிடியின் விளிம்பில் பச்சை மை பூசினால் ஒலி தெளியும் என்றுகூட நம்பிப் பூசினார்கள்.

ஆம்பும் ஸ்பீக்கரும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த எவரும் சில மாதங்களில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: இன்னும் கொஞ்சம் செலவு செய்தால் ஒலி மேம்படுமா? கேட்பவர்களில் பலர் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இசை கேட்பவர்கள். அவர்களிடம் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்வதும் "காதுதான் கடைசித் தீர்ப்பு" என்று சொல்வதும் ஒரே அளவுக்குப் பொறுப்பில்லாத பதில்கள் என்று நினைக்கிறேன். சில துணைப்பொருட்கள் உண்மையாகவே ஒலியை மாற்றுகின்றன. பெரும்பாலானவை மாற்றுவதில்லை. எது எந்த ரகம் என்பதை, பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதியை வைத்துக்கொண்டே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம்.

எந்தத் துணைப்பொருளை எடுத்தாலும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அது ஒலியை எந்த அதிர்வெண்ணில் மாற்றுகிறது? எத்தனை டெசிபல் மாற்றுகிறது? ஒரு டெசிபல் என்பது மின்திறனில் ஏறக்குறைய 26 சதவீதக் கூடுதல். பத்து டெசிபல் ஏறினால்தான் காதுக்குச் சத்தம் இரட்டிப்பானதுபோல் தோன்றும். அதே சமயம், முழு இசையும் கால் டெசிபல், அரை டெசிபல் ஏறினால் அதைச் சத்தம் கூடியதாக நாம் உணர்வதில்லை. "தெளிவு கூடிவிட்டது, குரல் முன்னால் வந்துவிட்டது" என்றுதான் உணர்கிறோம். இந்தச் சிறு உண்மையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் நடக்கும் ஒப்பீடுகளில் பாதிக்கு விளக்கம் இதற்குள் இருக்கிறது.

ஒயரின் கணக்கு

ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் ஐந்து மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே பத்து மீட்டர் செம்பு. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் இந்தப் பத்து மீட்டரின் மின்தடை 0.115 ஓம் அளவில் வரும். ஸ்பீக்கரின் முதுகில் '8 ஓம்' என்று எழுதியிருந்தாலும் அது எல்லா அதிர்வெண்ணிலும் எட்டாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 5 ஓமுக்கு இறங்கும், வூஃபர் (கீழ் ஸ்தாயியைத் தரும் பெரிய கூம்பு) ஒத்ததிரும் இடத்தில் 30 ஓம் வரைகூட ஏறும். ஒயரால் ஒலியின் குணம் மாறுகிறது என்றால் அது இந்த ஏற்ற இறக்கத்தின் வழியாகத்தான் மாற முடியும். 5 ஓம் உள்ள இடத்தில் இந்த ஒயர் தின்பது 0.2 டெசிபல். 30 ஓம் உள்ள இடத்தில் 0.03 டெசிபல். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம், அதாவது ஒயர் இசையின் மீது போடும் உண்மையான முத்திரை, 0.17 டெசிபலுக்கும் குறைவு. 2.5 ஸ்கொயர் எம்.எம். போட்டால் அது 0.1 ஆகச் சுருங்கும். அதற்கு மேல் ஒயரைத் தடிப்பாக்கிக் குறைப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

இப்போது மெல்லிய ஒயருக்கு வாருங்கள். மலிவான செட்டோடு சுருட்டிக் கொடுப்பார்களே, தலைமுடிபோல நாலைந்து இழை உள்ளே ஓடும் ஒயர். அது 24 கேஜ் அளவு (கேஜ் எண் கூடக் கூட ஒயர் மெலியும்) என்றால் அதே பத்து மீட்டருக்கு 0.84 ஓம். 5 ஓம் இடத்தில் 1.3 டெசிபலுக்கு மேல் போய்விடும், 30 ஓம் இடத்தில் கால் டெசிபல்கூடப் போகாது. ஒரு டெசிபலுக்கு மேல் ஏற்றத்தாழ்வு வருகிறது. இது காதுக்குக் கேட்கும். ஆகவே "ஒயர் மாற்றினேன், ஒலி மாறியது" என்று ஒருவர் சொன்னால், பழைய ஒயர் என்ன தடிப்பு என்று முதலில் கேட்க வேண்டும். அவர் சொல்வது முழுக்கச் சரியாக இருக்கலாம்.

இன்னொரு உண்மையான சிக்கலும் உண்டு. செம்பு என்ற பெயரில் செம்பு பூசிய அலுமினிய ஒயர் ஏராளமாக விற்கிறது. அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல 1.6 மடங்கு. தடிப்பாகத் தெரிகிறதே என்று வாங்கினால் உள்ளே வேலை செய்வது அதைவிட மெல்லிய ஒயர். நுனியைச் சீவிப் பாருங்கள். வெட்டிய முகம் வெள்ளையாக இருந்தால் அது அலுமினியம். முனையில் பச்சை படர்ந்த பழைய இணைப்பு, திருகு தளர்ந்த டெர்மினல் ஆகியவையும் இதே வகைதான். இவற்றைச் சரிசெய்தால் பலன் கிடைக்கும், செலவும் அதிகமில்லை.

விலையுயர்ந்த கேபிள் விளம்பரங்களில் அடிக்கடி வரும் சொல் ஸ்கின் எஃபெக்ட். அதிர்வெண் ஏற ஏற மின்சாரம் கம்பியின் மேற்பரப்புக்கு ஒதுங்கும் என்பது பௌதிகம்தான், பொய் இல்லை. 20,000 ஹெர்ட்ஸில் அது செம்பின் மேலடுக்கில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் ஓடும். ஆனால் மேலே சொன்ன 2.5 ஒயரில் இதனால் கூடும் மின்தடை 0.02 ஓம். ஒலியில் அது 0.02 டெசிபல். அதுவும் நாற்பது வயதைத் தாண்டிய பெரும்பாலோருக்குக் கேட்காத அதிர்வெண்ணில். ரேடியோ அலைவரிசைகளில் பெரிய பிரச்சினையாக இருக்கும் ஒன்றை வீட்டு ஸ்பீக்கருக்குக் கொண்டுவந்து பயமுறுத்துகிறார்கள்.

கணக்கு சொல்வதைக் காதும் சொல்கிறதா? 1983 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ இதழில் லாரன்ஸ் கிரீன்ஹில் ஒரு சோதனையை வெளியிட்டார். தடித்த மான்ஸ்டர் கேபிள், 16 கேஜ் விளக்கு ஒயர், மிக மெல்லிய 24 கேஜ் ஒயர் மூன்றையும் கேட்போருக்குத் தெரியாதபடி மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார். எல்லா அதிர்வெண்ணும் கலந்த 'பிங்க் நாய்ஸ்' இரைச்சலை ஓடவிட்டபோது மெல்லிய ஒயரை அவர்கள் பிடித்துவிட்டார்கள். தடித்த கேபிளையும் விளக்கு ஒயரையும் இசையில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஓம் விதி சொன்ன இடத்திலேயே காதும் வந்து நின்றது.

கண்ணும் கேட்கிறது

அப்படியானால் புதுக் கேபிள் போட்டதும் "மேடை அகலமாகிவிட்டது, தம்புராவின் ரீங்காரம் தனியாகத் தெரிகிறது" என்று சொல்பவர் பொய் சொல்கிறாரா? இல்லை. அவர் அதைக் கேட்கிறார். கேட்பது என்ற வேலை காதில் முடிவதில்லை, மூளையில்தான் முடிகிறது. அங்கே கண் கண்டதும், விலை அறிந்ததும், எதிர்பார்ப்பும் ஒலியோடு கலந்துவிடுகின்றன. இதில் அவமானப்பட எதுவுமில்லை. மனிதச் செவியின் இயல்பே இதுதான்.

இதைத் தெளிவாகக் காட்டியவர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்பீக்கர்களை ஆண்டுக்கணக்கில் அளந்துவிட்டு, ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்துக்கு வந்தவர்கள். 1994-ல் அந்த நிறுவனத்து ஊழியர்கள் நாற்பது பேரை வைத்து, நான்கு ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னாலும் கண்ணுக்குத் தெரியும்படியும் கேட்கவைத்து மதிப்பெண் வாங்கினார்கள். கண்ணுக்குத் தெரிந்தபோது பெரிய, அழகான பெட்டிகள் மேலே ஏறின. விலை குறைந்த சிறிய செட் கீழே போனது. திரை போட்டதும் அந்த இடைவெளி சுருங்கியது. என்னை அதிகம் யோசிக்கவைப்பது இன்னொரு முடிவு. திரை இருந்தபோது, ஸ்பீக்கரை அறையில் வேறு இடத்துக்கு நகர்த்தினால் மதிப்பெண்ணும் மாறியது, கேட்டவர்கள் அந்த மாற்றத்தைப் பிடித்தார்கள். பெட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டபோதோ அந்த உணர்வு மழுங்கிப்போனது. இல்லாததைக் கேட்கவைப்பதோடு கண் நிற்பதில்லை. உண்மையாகவே இருக்கும் பெரிய மாற்றத்தையும் அது மறைத்துவிடுகிறது.

நினைவும் துரோகம் செய்யும். ஒரு ஒலியின் நுண்ணிய நிறத்தை மூளை சில நொடிகள்தான் அப்படியே வைத்திருக்கும். ஆம்பை அணைத்து, ஒயரைக் கழற்றி, புதியதை மாட்டி, மறுபடி உட்கார்வதற்குள் ஐந்து நிமிடம் ஆகிவிடுகிறது. அதற்குள் ஒப்பிட வேண்டிய பழைய ஒலி நம்மிடம் இல்லை, அதைப் பற்றிய நம் கருத்துதான் இருக்கிறது. புதுக் கேபிள் நூறு மணி நேரம் ஓடினால்தான் 'செட்' ஆகும் என்று சொல்வதிலும் இதே சிக்கல். ஸ்பீக்கரின் கூம்பைத் தாங்கும் ரப்பரும் துணியும் ஆரம்பத்தில் சற்றுத் தளர்வது உண்மை. செம்புக் கம்பிக்குள் தளர எதுவும் இல்லை. நூறு மணி நேரத்தில் பழகிப்போவது நாம்தான்.

சந்தேகத்தைத் தீர்க்க வீட்டிலேயே வழி இருக்கிறது. வீட்டில் ஒருவரை ஆம்பின் பக்கம் உட்காரவைத்து, ஒவ்வொரு முறையும் காசைச் சுண்டிப் பூ விழுந்தால் பழைய ஒயர், தலை விழுந்தால் புது ஒயர் என்று மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் திரும்பி உட்கார்ந்து எது என்று எழுதிக்கொள்ளுங்கள். பதினாறு முறை செய்து, குறைந்தது பன்னிரண்டு முறை சரியாக இருக்க வேண்டும். குருட்டாம்போக்கில் அவ்வளவு சரி வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. பத்து சரி என்பது போதாது, காசே அதைச் சாதித்துவிடும். ஆம்பையோ டிஏசியையோ (டிஜிட்டல் எண்களை ஒலி மின்னலையாக மாற்றும் கருவி) ஒப்பிடுவதாக இருந்தால் முதலில் இரண்டின் ஒலி அளவையும் சமன் செய்ய வேண்டும். காதால் செய்தால் போதாது. ஒரே டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து, மின்னழுத்தம் நூற்றுக்கு ஒன்றுக்குள் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அது 0.1 டெசிபலுக்குள் சமம். இதைச் செய்யாத எந்த ஒப்பீட்டிலும் சத்தம் கூடிய பெட்டிதான் ஜெயிக்கும்.

பிளக், ஃபியூஸ், டிஜிட்டல்

பவர் கார்டைப் பற்றி நீட்டி எழுத அதிகம் இல்லை. மின்நிலையத்திலிருந்து எத்தனையோ கிலோமீட்டர் கம்பியில் வந்து, வீட்டுச் சுவருக்குள் பல ஆண்டு பழைய ஒயரில் ஓடி, கடைசி ஒரு மீட்டரில் மட்டும் வெள்ளி பூசிய கார்டைத் தாண்டி, ஆம்புக்குள் நுழைந்தவுடன் அந்த மின்சாரம் நேர்மின்சாரமாக மாற்றப்பட்டு மின்தேக்கிகளில் சேமிக்கப்படுகிறது. இசையை இயக்குவது அந்தச் சேமிப்பு. ஃபியூஸை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டால் நன்றாக இருக்கும் என்பவர்களுக்கு ஒன்று நினைவூட்ட வேண்டும்: 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம் ஒரு நொடிக்குள் நூறு முறை திசை மாறுகிறது.

மின்சாரத்தில் உண்மையான கோளாறுகள் வேறு இருக்கின்றன. சாயங்கால நேரத்தில் 230 வோல்ட் 190-க்கு இறங்கும் ஊர்களில், பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை ஆம்பின் உச்ச சக்தி மூன்றில் ஒரு பங்கு குறையும். மெதுவாகக் கேட்பவருக்கு இது தெரியாது, சத்தமாக வைத்தால் சீக்கிரமே கரகரக்கும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மர் உறுமுவதும் பலர் வீட்டில் கேட்ட ஒலிதான். எல்லாவற்றையும்விட அதிகத் தொல்லை தருவது 'ஹம்'. லேப்டாப்பை ஆம்போடு இணைத்துச் சார்ஜரைச் சொருகியதும் உய் என்றோ ம் என்றோ ஒரு சத்தம் வருகிறது, சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது என்றால் அது எர்த் சுற்று. இரண்டு கருவிகள் இரண்டு வழியாகத் தரையைத் தொடுகின்றன, இடையே ஓடும் சிறு மின்னோட்டம் ஒலியில் கலக்கிறது. கேபிள் டிவி ஒயர் சேர்ந்துகொண்டாலும் இதேதான் நடக்கும். எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டிலிருந்து எடுப்பது, ஒலி ஒயரில் அந்தச் சுற்றைத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் போடுவது ஆகிய இரண்டும் இங்கே அப்பட்டமாகக் கேட்கும் பலனைத் தரும். ஆனால் ஹம்மை நிறுத்த மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆம்பின் உலோகப் பெட்டிக்குள் ஏதாவது ஒயர் தளர்ந்து தொட்டால், அந்தப் பின்தான் உங்கள் வீட்டுக் குழந்தையின் கைக்கும் 230 வோல்ட்டுக்கும் இடையில் நிற்கிறது.

டிஜிட்டல் கேபிளில் ஓடுவது எண்கள். அவை சரியாகச் சேரும், அல்லது சேராமல் போகும். மோசமான ஹெச்டிஎம்ஐ ஒயரில் படம் புள்ளியடிக்கும், ஒலி விட்டு விட்டு வரும். "பேஸ் கொஞ்சம் மெலிந்தது" என்று கீழ் ஸ்தாயி மட்டும் தேயும் நிலை அதில் வர வழியில்லை. சிடியில் கீறல் விழுந்தாலும் இழந்த எண்களை மீட்கும் திருத்தக் குறியீடு தட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பச்சை மைக்கு அங்கே செய்ய வேலை இல்லை. சிடி தரத்துக்கு மேற்பட்ட ஹை-ரெஸ் பதிவுகளைப் பற்றி பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007-ல் ஆடியோ பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார்கள். ஹை-ரெஸ் ஒலியை நேராகவும், சிடி தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்ததில் 554 முயற்சிகளில் 276 சரி. காசு சுண்டினாலும் அதே விடைதான் வந்திருக்கும். நல்ல ஹை-ரெஸ் வெளியீடு சிடியைவிட இனிமையாக இருப்பதும் உண்டு, பெரும்பாலும் அதை மறுபடி மாஸ்டர் செய்தவரின் கைத்திறனால்.

ஊசி இருக்கும் இடத்தில்

இசைத்தட்டு கேட்பவர்களின் நிலைமை வேறு. அங்கே துணைப்பொருட்களுக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது, காரணம் அது ஒரு இயந்திரம். வைர ஊசி நுண்ணிய பள்ளத்தின் அசைவைப் படிக்கிறது, தரையின் அதிர்வையும் சேர்த்தே படிக்கிறது. டர்ன்டேபிளை ஸ்பீக்கர் இருக்கும் அதே மேசையில் வைத்தால் பேஸ் திரும்பவும் ஊசிக்குள் ஏறிக் குழம்பும். சுவரில் அடித்த தனிப் பலகைக்கு மாற்றினால் அது தெளியும். ஊசியின் அழுத்தம் பல கார்ட்ரிட்ஜ்களுக்கு (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு பெட்டி) 1.5 கிராமுக்கும் 2.5 கிராமுக்கும் இடையே, தயாரிப்பாளர் சொன்ன எண்ணில் நிற்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்கும் அட்டை, ஊசியைத் துடைக்கும் பிரஷ், தட்டைக் கழுவும் நீர் எல்லாமே கேட்கக்கூடிய மாற்றம் தருபவை.

ஒயரும் இங்கே ஒலியை மாற்றும் என்பதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை நேர்மையாக இருக்காது. மூவிங் மேக்னட் என்ற வகைக் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சுருளின் தூண்டல் 500 மில்லிஹென்றி அளவில் இருக்கும். அது ஒயரின் மின்தேக்கத்தோடும் ஆம்பின் உள்ளீட்டு மின்தேக்கத்தோடும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்கும். மொத்தம் 250 பிக்கோஃபாரட் என்றால் அது 14,000 ஹெர்ட்ஸ் பக்கம், 500 என்றால் 10,000 பக்கம். நீளமான, மின்தேக்கம் அதிகமான ஒயரைப் போட்டால் மேல் ஸ்தாயி ஓரிடத்தில் புடைத்து அதற்கு மேல் சரியும். வயலினின் வில் ஓசையும் தாளச் சத்தமும் நிறம் மாறும். இதற்குத் தேவை குட்டையான, மின்தேக்கம் குறைந்த ஒயர். விலை இதில் ஒரு பொருட்டே இல்லை.

அறை

இதுவரை சொன்னதில் ஒரு டெசிபலைத் தாண்டியவை சிலதான். அறைக்குள் வந்தால் பேச்சே பத்து, பதினைந்து டெசிபலில்தான்.

நம் வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கும் பன்னிரண்டுக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்வோம். கூரை பத்தடி உயரம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகிறது. இரண்டு சுவர்களுக்கு நடுவே அரை அலைநீளம் கச்சிதமாக அடங்கும் அதிர்வெண்ணில் ஒலி நின்று வளரும். பன்னிரண்டு அடிக்கு அது 48 ஹெர்ட்ஸ், பத்தடிக்கு 57 ஹெர்ட்ஸ். இந்த அறையில் அகலமும் உயரமும் இரண்டுமே பத்தடி, ஆகவே 57-ல் இரண்டு ஒத்ததிர்வுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. பேஸ் கிதாரின் 'ஏ' தந்தியை அப்படியே மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். அதற்கு அடுத்த அரைச்சுருதி 58. அந்த ஸ்வரங்கள் வரும்போதெல்லாம் அறை கும்மென்று உறும, பக்கத்து ஸ்வரங்கள் ஒல்லியாகப் போகும். கேட்பவர் ஆம்பையோ கேபிளையோ சந்தேகிப்பார். குற்றவாளி கொத்தனார் எழுப்பிய சுவர்.

எங்கே உட்கார்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. நின்றலையின் அழுத்தம் சுவர்களில் உச்சம், நடுவில் பூஜ்யம். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் 48 ஹெர்ட்ஸ் முழு வீச்சில் காதில் மோதும். அறையின் நட்ட நடுவில் உட்கார்ந்தால் அதே 48 காணாமல் போகும். பின்சுவரிலிருந்து நாலடி, நாலரையடி முன்னால் நாற்காலியைப் போட்டுப் பாருங்கள். பேஸ் அங்கே சமநிலைக்கு வரும் வாய்ப்பு அதிகம். ஸ்பீக்கருக்கும் இதே போன்ற கணக்கு உண்டு. ஸ்பீக்கரின் முகப்பு அதன் முதுகுப் பக்கச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் ஒலியோடு மோதி அதை அழிக்கும். ஆண்குரலின் கனமும் மிருதங்கத்தின் தொப்பி நாதமும் ஏறக்குறைய அந்தப் பகுதியில்தான் வாழ்கின்றன. அரையடி நகர்த்தினால் அந்தக் குழி வேறு அதிர்வெண்ணுக்குப் போய்விடும். ஷோகேஸுக்குள் டிவியோடு சேர்த்து ஸ்பீக்கரைச் சொருகி வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு, இடப் பற்றாக்குறைதான் காரணம். பெட்டிக்குள் பெட்டி வைத்ததும் பேஸ் வீங்கிக் குரல் மந்தமாகிவிடும். வேறு வழியே இல்லையென்றால் ஸ்பீக்கரின் முகத்தைத் தட்டின் விளிம்புவரை இழுத்து, சுற்றியுள்ள காலி இடத்தில் பழைய துணியை அடைத்து வையுங்கள். மேல் ஸ்தாயியைத் தரும் சிறு கூம்பான ட்வீட்டர், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு வந்தால், தொலைந்த உயர் ஸ்வரங்கள் திரும்பக் கிடைக்கும். காசு செலவே இல்லை.

இன்னொரு பக்கம் எதிரொலி. அறை ஒலியியல் அறிவியலாக ஆனது மெத்தைகளால்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த வரலாறு. 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் புதிய விரிவுரை அரங்கு கட்டி, உள்ளே பேசுவது ஒருவருக்கும் புரியாமல் போனது. சரிசெய்யும் பொறுப்பு இளம் பௌதிக ஆசிரியர் வாலஸ் சபைனிடம் வந்தது. பக்கத்தில் இருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்தார். மெத்தை இல்லாதபோது ஐந்தரை நொடி. அந்த அளவீடுகளிலிருந்து பிறந்த வாய்ப்பாடுதான் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கும் அதே கணக்கில் அமைந்தது.

அந்த வாய்ப்பாட்டை நம் பன்னிரண்டுக்குப் பத்து அறையில் போட்டுப் பார்க்கலாம். டைல்ஸ் தரை, சிமென்ட் பூசிய சுவர், சாமான் ஏதுமில்லை என்றால் ஒலி அடங்க மூன்று நொடிக்குப் பக்கமாக ஆகும். ஓர் இலவம்பஞ்சு மெத்தையும், மடிப்பு வைத்த தடித்த திரைச்சீலையும், துணியும் புத்தகமும் நிறைந்த அலமாரியும் வந்தால் ஒரு நொடிக்குக் கீழே இறங்கிவிடும். எந்தக் கேபிளும் இதைச் செய்யாது. பாடகர் சொற்களின் முடிவில் இழுக்கும் கமகம் அடுத்த சொல்லின் மேல் வழியாமல் நிற்பது இந்த மெத்தையின் தயவில்.

ஆனால் எல்லாப் பஞ்சும் எல்லா ஒலியையும் உறிஞ்சுவதில்லை. 100 ஹெர்ட்ஸின் அலைநீளம் மூன்றரை மீட்டர். ஓரங்குல ஃபோம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல, மேல் ஸ்தாயியை மட்டும் தின்றுவிட்டு அறையை இன்னும் கும்மென்று ஆக்கிவிடும். முட்டை அட்டையை ஒட்டுவதும் தெர்மோகோல் ஒட்டுவதும் பேஸுக்கு உதவாத வேலைகள், தெர்மோகோல் தீப்பிடித்தால் ஆபத்தும்கூட. மூலைகளில் நாலங்குலத்துக்குக் குறையாத தடிப்பில் ராக்வுல் என்ற கல்நார்ப்பஞ்சு போன்ற கனிமப் பஞ்சைத் துணியில் பொதிந்து நிறுத்தினால்தான் கீழ் ஸ்தாயியில் மாற்றம் தெரியும். துணைப்பொருளுக்கென்று ஒதுக்கிய பணம் கையில் இருந்தால் நான் அதில் போடுவேன், அல்லது ஓர் அளவீட்டு மைக்கில். ஆர்ஈடபிள்யூ என்ற மென்பொருள் இலவசம். மைக்கை இணைத்தால் உங்கள் நாற்காலியில் எந்த அதிர்வெண் எத்தனை டெசிபல் ஏறியிருக்கிறது, எங்கே குழி விழுந்திருக்கிறது என்று வரைபடமே போட்டுக் காட்டிவிடும். முதல்முறை பார்ப்பவருக்கு அந்தக் கோடு மலைத்தொடர்போல் தெரியும், ஒயரின் 0.17 டெசிபல் அதில் கோட்டின் தடிப்பைக்கூட நிரப்பாது.

அந்த வரைபடத்தில் தெரியும் மேடுகளை, அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் வெட்டலாம். 57 ஹெர்ட்ஸில் பத்து டெசிபல் மேடு இருந்தால் பத்தைக் குறைத்துவிடுங்கள், பேஸ் கிதார் ஒரே சீராக நடப்பது உடனே கேட்கும். குழிகளை அப்படி நிரப்ப முடியாது. பத்து டெசிபல் ஏற்றினால் ஆம்ப் பத்து மடங்கு சக்தி தர வேண்டும், ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் எதிர் அலையும் அதே அளவுக்குப் பெருகி அதை மறுபடி அழித்துவிடும். வூஃபர்தான் வீணாகத் திணறும். குழி விழுந்த இடத்தில் நாற்காலியை நகர்த்த வேண்டும், அல்லது ஸ்பீக்கரை நகர்த்த வேண்டும், அல்லது சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) இருந்தால் எதிர்ச்சுவரில் இரண்டாவது ஒன்றை வைக்க வேண்டும்.